இல்லாத பிரேக்

...அதெல்லாம் தன்னால் வந்துவிடும், ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கைகால் உதறுகிற எத்தனை பேரை நெரிசல் ரோட்டில் இறக்கி ஓட்டவைத்திருக்கிறேன், ஆறு கிலோகூட இல்லாத ஒருத்திக்குக் குப்புறப் படுக்கச் சொல்லிக்கொடுக்கவா எனக்கு வராது, என்று நினைத்தபடியே விரிப்பை உதறிப் போட்டேன். ஓரத்தில் நேற்றைய பால் கறை, அது என் தப்புதான், வயிறு முட்டக் குடித்த கையோடு கவிழ்த்துப் போட்டால் குடித்ததெல்லாம் வெளியேதானே வரும்... இன்று அப்படியில்லை, பால் கொடுத்து நேரமாயிற்று, துணி மாற்றியாயிற்று, கண்ணில் தூக்கமும் இல்லை, மேனேஜர் நல்ல மூடில்தான் இருக்கிறாள். பிறந்த அன்று புருவத்தைச் சுருக்கி எங்களைப் பார்த்த பார்வையில், 'லீவு கேட்டா குடுக்கவே மாட்டா போலிருக்கே' என்று இவர் வைத்த பெயர் அது. சொன்னபடிதான் ஆயிற்று, என் லீவு இன்றோடு முடிகிறது, நாளைக் காலை முதல் வகுப்புக்கு நான் வண்டியில் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து மகளைப் பார்த்துக்கொள்ளப்போவது அப்பாக்காரர். அதற்குள் ஒரே ஒரு தடவை, என் கண்முன்னால், அவள் தலையைத் தூக்கிவிட்டால் போதும், நான் இல்லாத நேரத்தில் தூக்கி, அதை இவர் போனில் எனக்குச் சொல்லி... வேண்டாம், அது வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசி போட்ட நர்ஸ் அவளுடைய பின்மண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, 'லேசா தட்டையாகுது பாருங்க, தூங்கும்போது மல்லாக்கதான் போடணும், முழிச்சிருக்கும்போது பக்கத்துலயே உக்காந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கம்மா, அப்பதான் கழுத்து நிக்கும்' என்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு, மேனேஜர் கணக்கில் ஒரு தும்மல் நேரம். போட்டேன், மூக்கை விரிப்பில் தேய்த்தாள், ஒரு முனகல், காது சிவந்தது, அவ்வளவுதான், என் கை போய் அள்ளிவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த இவர், 'அவ இன்னும் அழவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள தூக்கிட்ட' என்றார், அழப்போறான்னு தெரிஞ்சுதுங்க என்றேன், 'உனக்குத் தெரிஞ்சா போதுமா, அவளுக்குத் தெரிய வேணாமா?' எனக்கு வந்ததே கோபம்... யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் இவர், சொல்லிக்கொடுப்பதே என் பிழைப்பு. பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, அதைத் தொடாமல் இருப்பதுதான் வித்தை, எங்கள் டிரைவிங் பள்ளிக்குப் புதிதாக வந்த மாஸ்டர் பூனை குறுக்கே போனால்கூட அதை மிதித்துவிடுவார், 'ஓட்டறது அவங்களா நீங்களா சார்?' என்று நான்தான் எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தேன். வண்டி கொஞ்சம் ஆடட்டும், அவர்களே திருத்திக்கொள்வார்கள், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் மறக்காது... ஆடினால்தானே, இவள் ஆடுவதற்குள் தூக்கிவிடுகிறேனே, என்ன பெரிய டீச்சர் நான்.

சரி, முதலில் இருந்து. நான் மல்லாந்து படுத்து அவளை என் நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டேன், அங்கே அழுகையே இல்லை, என் தாடையைப் பார்க்க முட்டி முட்டி ஒரு எம்பு, எச்சில் கழுத்தெல்லாம் வழிந்தது, வழியட்டும். சூடு பிடித்ததும் மெல்ல விரிப்புக்கு மாற்றினேன், துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்து, முழங்கைகளை முன்னால் இழுத்துவிட்டு, நானும் எதிரே குப்புறப் படுத்தேன், மூக்குக்கு மூக்கு, நேரா பாருங்க மேடம், பயப்படாதீங்க, ரோடு காலியாதான் இருக்கு... அவள் முனகினாள், என் கை கிளம்பியது, இரண்டு கையையும் மடக்கி என் மோவாய்க்கடியில் போட்டு நசுக்கிக்கொண்டேன். முகம் துண்டில் புதைந்தது, ஐயோ மூச்சு... இல்லை, அவளே கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள், யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு கோபச் சத்தம், பிறகு தலை எழுந்தது, தள்ளாடியது, இடது பக்கம் சாய்ந்து, திரும்பி, நின்றது. புருவத்தைச் சுருக்கி நேராக என்னைப் பார்த்தாள், ஏன் தாமதம் என்று கேட்கிற மாதிரி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷம்தான், வேறென்ன.

'ஏங்க, பாத்தீங்களா?' என்றேன். 'பாத்துட்டேன். அது சரி, காலால செவுத்த ஏன் தள்ளற?' திரும்பிப் பார்த்தால் என் வலது கால் நீண்டு, பாதம் முழுதும் சுவரில் அழுந்தி, கெண்டைச்சதை கல்லாக இறுகியிருந்தது, எப்போதிலிருந்து, தெரியவில்லை, கையைத்தானே கட்டிப்போட்டேன். மேனேஜர் அழாமல் கன்னத்தை விரிப்பில் இறக்கி இளைப்பாறினாள், நன்றாகத்தான் ஓட்டுகிறாள், நாளைக்கும் ஓட்டுவாள், இவர் பக்கத்தில் இருப்பார், நான் ஊரின் அந்தக் கோடியில் யாரோ ஒருவருக்கு கிளட்ச்சை மெதுவா விடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பேன், அப்போது என் கால்... சிரித்தபடி காலை எடுத்தேன், எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் அடுத்த தடவை தலையைத் தூக்க முனகினாள், என் பாதத்தில் சுவர் சில்லென்றிருந்தது.