ஒழுகாத தொட்டி

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி வலி. உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் வேறு வலி. படுத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் எத்தனை நாள்தான் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பது? கொத்தனார் கூரையைப் பார்த்தால் கோணல்தான் கண்ணில் படும். எங்கள் வாடகை வீட்டுக் கூரையில் நாலு கோணல்.

சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தவன் நான். கீழே மணல் குவிந்திருந்ததால் உயிர் தப்பியது. "ஆறு மாசத்துக்கு ஏறக்கூடாது, தூக்கக்கூடாது, ஓய்வெடுங்க" என்றார் டாக்டர். ஓய்வை எடுத்து உலையில் போட முடியுமா? மேஸ்திரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து பார்த்தார். பழம் கனிவதற்குள் என்னை மறந்துவிட்டார்.

என் பெண்டாட்டி சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரம் ஏறுகிறவள். பதினாலு வருஷம் எனக்கே சுமந்தாள். நான் விழுந்த பிறகு வேறொரு கொத்தனாருக்குச் சுமக்கப் போனாள். ஒருத்தி கூலியில் மூன்று வயிறு: அவள், நான், பள்ளிக்கூடம் போகிற மகள். அரிசி வந்தால் காய் வராது, காய் வந்தால் எண்ணெய் வராது. மகள் தட்டில் வெறும் சோற்றையும் வெங்காயத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள். கேட்டிருந்தால் நாலு திட்டுத் திட்டி ஆறியிருப்பேன்.

தோட்டம் போடலாம் என்றது பெண்டாட்டிதான்.

"பின்னாடி அவ்வளவு எடம் சும்மா கெடக்குதேங்க. நாலு கத்திரி, நாலு வெண்டை, கொஞ்சம் கீரை வச்சா காய்க்கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்க வேணாம்."

"அது சிமெண்டுத் தரைடி. சிமெண்டுல கத்திரி முளைக்குமா?"

"நீங்க தொட்டி கட்டுங்க. மண்ணை நான் கொண்டாரேன். எங்க வேலை எடத்துல அஸ்திவாரம் தோண்டிக் குமிச்சு வச்சிருக்காங்க. நல்ல மண்ணு. கேட்டேன், அள்ளிக்கோன்னுட்டாங்க."

வேலை இடம் இருபது நிமிட நடை. அன்றைக்கே ஆரம்பித்தாள். நாள் முழுக்கச் சட்டி சுமந்த தலையில், சாயங்காலம் அரைச் சாக்கு மண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். கொல்லையில் கொட்டிவிட்டுக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்புவாள். நெட்டி முறிகிற சத்தம் எனக்குக் கேட்கும். செங்கல் துண்டால் சுவரில் ஒரு கோடு போடுவேன். லோடு வந்தால் கோடு போடுவது எங்கள் தொழில் பழக்கம். கை தானாகவே போட்டது.

நான் குட்டை முக்காலியில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தேன். உடைந்த செங்கல், வேலை இடங்களில் மிஞ்சி மூட்டை அடியில் தங்கிய சிமெண்டு, எல்லாம் அவள் கேட்டு வாங்கி வந்தது. ஒரு நாளைக்கு எட்டுக் கல், பத்துக் கல். அதற்கு மேல் இடுப்பு விடாது. கல்லை மிச்சம் பிடிக்கச் சுவரை ஒல்லியாக, கல்லைக் குத்தி நிறுத்திக் கட்டினேன். மூன்று தொட்டியையும் ஒட்டி வைத்து, நடுவில் பொதுச் சுவர். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், இரண்டடி அகலம். உள்ளேயும் வெளியேயும் பூச்சு. கசிவு தடுக்கிற மருந்து ஒரு டப்பா வீட்டில் கிடந்தது. அதையும் கலவையில் ஊற்றினேன்.

இதைச் சொல்லாமல் நடந்தது புரியாது: முப்பது வருஷத்தில் நான் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்றுகூட ஒழுகியதில்லை. வீட்டு மாடித் தொட்டி, பள்ளிக்கூடத் தொட்டி, சலவைக்காரர் தொட்டி, எத்தனையோ. 'ஒழுகாத கை' என்று எனக்குப் பட்டப்பேரே உண்டு. மேஸ்திரி என்னை எத்தனை ஏமாற்றினாலும் தொட்டி வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். சுவரைப் பூசினால் நான் ஒரு கொத்தனார். தொட்டியைக் கட்டினால் நான் ஒரு ஆள்.

அதனால் பூச்சு காய்ந்ததும் என்ன செய்தேன்? மூன்று தொட்டியிலும் தண்ணீர் நிறுத்திப் பார்த்தேன். மூன்று நாள். குடங்குடமாகச் சுமந்து ஊற்றியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. பென்சிலால் போட்ட குறியிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை.

மச்சான் வந்து பார்த்தான். பெண்டாட்டியின் தம்பி, வேன் ஓட்டுகிறவன், வாயும் வேன் மாதிரிதான், நிற்காது.

"மாமா, கத்திரிக்காய் போடப்போறீங்களா, கப்பல் விடப்போறீங்களா?"

"வேலைன்னா இது வேலைடா. தட்டிப் பாரு."

"தட்டிப் பாத்தேன். பேசாம மீன் வளங்க மாமா. அக்காவுக்கு மண்ணு சுமக்கிற வேலையாவது மிச்சம்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

தெருமுனையில் நாற்று விற்கிற அம்மாவிடம் பெண்டாட்டி நாற்று வாங்கப் போனாள். திரும்பி வந்து சொன்னாள்: "அடியில தண்ணி போக ஓட்டை விட்டிருக்கான்னு அந்தம்மா கேட்டாங்க. விடணுமாம். இல்லாட்டி வேர் அழுகிப் போயிருமாம்."

"ஓட்டை விட்டா ஊத்துற தண்ணியெல்லாம் ஓடிப்போகும். குழாயிலேருந்து சுமந்து வர்றவ நீதான். உனக்காகத்தான் சொல்றேன்."

"அந்தம்மா நாப்பது வருஷமா நாத்து போடறவங்க."

"நான் முப்பது வருஷமா தொட்டி கட்டறவன்."

அவளுக்காகச் சொன்னேன் என்பது பொய். நான் கட்டிய தொட்டியில் நானே ஓட்டை போடுவதா? முடியாது. அவ்வளவுதான் காரணம். வேறு அழகான காரணம் எதுவும் இல்லை.

அறுபத்தெட்டாவது கோடு போட்ட அன்றைக்குத் தொட்டிகள் நிரம்பின. கத்திரி, வெண்டை, தக்காளி, ஓரமாகக் கீரை விதை. வேலைக்குப் போகிறதற்கு முன்னால் அவள் ஒருமுறை பார்ப்பாள், வந்ததும் ஒருமுறை பார்ப்பாள். நான் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபத்தைந்து நாளில் முதல் கீரை. இரண்டு கைப்பிடி. அன்றைக்கு மகள் இரண்டாம் தடவை சோறு கேட்டாள். பெண்டாட்டி என்னைப் பார்த்து, "பரவாயில்லையே, ஒழுகாத கைக்கு விளையிற கையும் இருக்கு" என்றாள். பதினாலு வருஷத்தில் அவள் என் வேலையைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு புகழவில்லை.

வெண்டையில் நாலு காய் வந்தது. பிறகு அடி இலைகள் மஞ்சளாயின. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். இலை தொங்கியது. இன்னும் ஊற்றினேன். கொத்தனாருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்: புதுச் சுவர் வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்று. செடி சுவர் இல்லை என்று சொல்ல ஆள் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

பிறகு மழை பிடித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் நனைந்துகொண்டே வந்தாள். தொட்டிகளில் மண்ணுக்கு மேலே ஒரு விரல்கடைத் தண்ணீர் நின்றது. குவளையால் மோந்து மோந்து வெளியே ஊற்றினாள். மழை அதைவிட வேகமாக நிரப்பியது. குவளையைப் போட்டுவிட்டு உள்ளே போய் என் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள்.

"தள்ளுங்க."

"எதுக்கு?"

"ஓட்டை போடப்போறேன்."

"கண்ட எடத்துல அடிச்சா சுவர் விரிசல் விடும்."

"அப்போ எந்த எடத்துல அடிக்கணும்னு சொல்லுங்க. அங்கயே அடிக்கிறேன்."

எனக்குத் தெரியும். ஒவ்வொரு கல்லும் எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தரையிலிருந்து இரண்டு விரல் மேலே, கல் சேருகிற இடத்தில், சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்டினால் போதும். அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"சித்தாள் கையில உளி எதுக்கு? வை கீழ."

அவள் தூக்கி எறியவில்லை. கீழே வைத்தாள். உளியை ஒரு பக்கம், சுத்தியலை ஒரு பக்கம், பூ வைக்கிற மாதிரி. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சோற்றை மட்டும் போட்டு வைத்தாள்.

மறுநாளும் மழை. அவள் வேலைக்குப் போய்விட்டாள். பகலில் பார்த்தேன், செடியெல்லாம் படுத்துவிட்டன. ஒரு கத்திரியைப் பிடித்து இழுத்தேன், ஆடுகிற பல் மாதிரி வந்தது. வேர் பழுப்பாகக் கொழகொழத்தது. சாக்கடை நாற்றம். மண்ணாவது பிழைக்கட்டும், அவள் வருவதற்குள் தண்ணீரை வடித்துவிடலாம் என்று முக்காலியை இழுத்துப் போட்டு உளியை எடுத்தேன்.

இடம் சரியான இடம்தான். பிடிதான் தவறு. குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து அடித்தேன். ஏழாவது அடியில் இடுப்பில் சுரீரென்று பிடித்தது. கை விலகி, அடி கல்லின் நடுவில் விழுந்தது. அந்த ஒல்லிச் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே சரிந்தது. முதல் தொட்டியின் ஈர மண் மொத்தமும் கஞ்சி மாதிரி வெளியே வந்தது. அந்தப் பக்கத்துத் தாங்கல் போனதும் பொதுச் சுவர் விழுந்தது. அதன் பின்னால் அடுத்ததும். கல் மிச்சம் பிடித்த புத்தி. நான் கீழே கிடந்தேன். சேறு என்னைச் சுற்றிக்கொண்டு, மழைத் தண்ணீரோடு கால்வாய்க்குள் போய், தெருச் சாக்கடையில் இறங்கியது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் கட்டினவள் தலையில் போட்டேன்.

சாயங்காலம் வீட்டு ஓனர் குடையோடு வந்து வாசலில் நின்றார். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டதாம். நாலு வீட்டில் தண்ணீர் ஏறுகிறதாம்.

"யார் வீட்டு மண்ணு? நாளைக் காலையில சாக்கடை சுத்தமா இருக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணுங்க. தோட்டம் போட எடம் கேட்டப்பவே யோசிச்சேன்."

நான் படுத்திருந்தேன். எழ முடியவில்லை. பெண்டாட்டி அப்போதுதான் வந்து படி ஏறினாள். தலை நனைந்திருந்தது. ஓனர் பேசியதைக் கேட்டாள். கொல்லையைப் பார்த்தாள். உளி எங்கே கிடக்கிறது என்று பார்த்தாள்.

"யார் போட்டது ஓட்டை?"

"நான்தான்."

"நேத்தே போட்டிருக்கலாமே" என்றாள். கோபமாக இல்லை. விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மண்வெட்டியும் சாக்கும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் தம்பியைக் கூப்பிடட்டுமா என்று நான் கேட்டதற்கு, "அவன் வந்து சிரிக்கிறதுக்கா?" என்றாள். சாக்கடையிலிருந்து சேற்றை அள்ளி, அரைச் சாக்கு அரைச் சாக்காகத் தலையில் ஏற்றி, குப்பை மேட்டில் கொட்டிவிட்டு வந்தாள். கொண்டுவந்ததும் அவள், கொண்டுபோய்க் கொட்டியதும் அவள். மகள் வாசலில் நின்று குடை பிடிக்கப் பார்த்தாள். "போய்ப் படி. இதெல்லாம் நீ கத்துக்க வேணாம்" என்று விரட்டினாள்.

இருட்டியதும் நிறுத்தினாள். விடிந்ததும் தொடங்கினாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, கூலியும் இல்லை. மழை விட்டிருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவுவரை வந்து நின்றேன். கடைசியாகக் கொல்லையில் தேங்கிய சேற்றை வழித்துச் சாக்கில் போட்டாள். அடியில் ஒரு வெண்டைச் செடி கிடந்தது. அதையும் சேர்த்துப் போட்டாள்.

"இடுப்பு சரியானதும் மறுபடி கட்டிடலாம்" என்றேன். "இந்தத் தடவை நீ சொல்ற எடத்துல ஓட்டை விடறேன்."

அவள் சாக்கின் வாயைச் சுருட்டினாள். "இனிமே ஒரு பிடி மண்ணு என் தலையில ஏறாது. வேணும்னா நீங்க சுமங்க."

அவள் சாக்கைத் தலைக்கு ஏற்றினாள். கழுத்து ஒருமுறை நடுங்கி நின்றது. சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"வந்ததுக்கெல்லாம் கோடு போட்டீங்கல்ல? போனதுக்கும் போடுங்க. நேத்து பதினேழு. இன்னைக்கு இதோட இருபத்தி நாலு."

அவள் போன பிறகு செங்கல் துண்டைத் தேடி எடுத்தேன். உட்கார முடியாமல் நின்றுகொண்டே போட்டேன். அன்றைக்கு மத்தியானம் சோறும் வெங்காயமும். மகள் ஒன்றும் கேட்கவில்லை.

கோடுகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே வந்தது அறுபத்தெட்டு, வெளியே போனது நாற்பத்தொன்று. அவளுக்கு நான் நூற்றொன்பது சாக்கு மண் சுமை கடன்.