எழுபத்தொரு மணி நேரம் விழாத நாணயம்

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் ஸ்கார்லபி வார்டில், 1985ஆம் ஆண்டுத் தேர்தலில் சுண்டப்பட்ட ஐம்பது பென்ஸ் நாணயம் கீழே வர எழுபத்தொரு மணி நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எண்ணி முடித்தபோது, இருபத்து நான்கு வருடமாகக் கவுன்சிலராக இருந்த தானிய வியாபாரி லயனல் தோர்ப்புக்கு 318 ஓட்டு. பள்ளிப் பேருந்து ஓட்டும் டோரீன் ஹேக்குக்கும் 318. சமமானால் நாணயம் சுண்டுவது அங்கே நடைமுறை. தேர்தல் அதிகாரி சுண்டினார். அது உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே சுழன்றபடி நின்றுகொண்டது.

முதல் தேர்தல் நடந்த 1889இலிருந்து இந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர்கள் தங்கள் ஓட்டை எதிராளிக்கே போடுவார்கள். தனக்கே போட்டுக்கொள்வது, விருந்தாளி இருக்கும்போது கேக்கின் பெரிய துண்டை எடுத்துக்கொள்வது போல. 1922இல் வாக்குப்பெட்டி இரண்டு முறை தும்மியதைக்கூடப் பதிவேட்டில் எழுதியவர்கள், யார் யாருக்குப் போட்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர் நாணயத்துக்குப் பழகிவிட்டது. சனிக்கிழமை, ஓட்டு எண்ணிய அதே மண்டபத்தில் பூப்பந்து ஆடினார்கள், உயர அடிக்காமல். தேநீர் ஊற்றும் ஐரிஸ் மேசையை ஓரமாக நகர்த்தினாள். "அது வர்றப்ப வரட்டும். டீ ஆறுது பாருங்க."

லயனல் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவரைக் கவுன்சிலர் என்றில்லாமல் பெயர் சொல்லி அந்த ஊரில் யாரும் கூப்பிட்டு வெகுகாலமாகிவிட்டது. யார் பேச்சுக் கொடுத்தாலும், "வெயில் நல்லா அடிக்குதுல்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை பெய்தது. அன்றும் அதையே சொன்னார். காது மடல்கள் சிவந்திருந்தன. நாணயத்தை அவர் ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்குச் சற்று முன்பு டோரீன் முட்டை சாண்ட்விச் கொண்டுவந்தாள்.

"சாப்பிடுங்க கவுன்சிலரே. மூணு நாளா பிஸ்கட்லயே ஓட்டுறீங்களாமே."

"நீங்க எதுக்குங்க சிரமப்பட்டு..."

"உங்களுக்கு ஓட்டே போட்டேன். சாண்ட்விச் என்ன பெரிய சிரமம்?" சிரித்தாள். "நான் எனக்கே போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு என் வீட்டுக்காரர் கத்துறார். அட போய்யா, கவுன்சிலர் ஓட்டும் எனக்குத்தானே வந்திருக்கு, கணக்கு நேராயிடுச்சுன்னு சொன்னேன். சரிதானே?"

சாண்ட்விச் அவர் மடியில் இருந்தது. ஐரிஸ் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"இல்ல டோரீன்," என்றார் லயனல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "நான் எனக்கேதான் போட்டுக்கிட்டேன்."

மேலே சுழன்றுகொண்டிருந்த நாணயம் டங்கென்று தரையில் விழுந்தது.