பச்சைப் பெட்டியும் கறுப்புப் பெட்டியும்

வடக்குப்பட்டில் யாராவது பிள்ளைக்கு ஷூ வாங்கப் போகிறார்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் சரோஜாவைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேட்காமல் போகிறவர்களைச் சரோஜாவே மடக்கிப் பிடித்துச் சொல்லிவிடுவாள். ஒரகடத்து ஷூ கம்பெனியில் ஏழு வருடமாகத் தையல் லைனில் உட்கார்ந்திருப்பவள் அல்லவா, சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கம்பெனி ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு பிராண்டுகளுக்கு ஷூ செய்து கொடுக்கிறது. பிராண்டுகளின் பெயர் லைனில் யார் வாயிலும் நுழையாது. பெட்டியின் நிறம்தான் பெயர். காலையில் கறுப்புப் பெட்டி ஓடும், சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைப் பெட்டி. அதே மிஷின், அதே நூல், அதே சரோஜா. ஒருமுறை ஓ.டி.க்கு ஆள் பற்றாமல் அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். அங்கேதான் விலைச் சீட்டைப் பார்த்தாள். கறுப்பு ஆறாயிரத்துத் தொள்ளாயிரம், பச்சை ஆயிரத்து எண்ணூறு. அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பேச அவளுக்கு வேறு விஷயமே தேவைப்படவில்லை.

"ரெண்டுமே நான் தைக்கறதுதான். மேல ஒட்டற படத்துக்குத்தான் அஞ்சாயிரம் ரூபா. நம்ம தலையில நல்லா மொளகா அரைக்கிறானுங்க" என்பாள்.

பக்கத்து வீட்டு லூர்தம்மாள் வேறொரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் மகள் ஸ்டெல்லா எண்ணூறு மீட்டர் ஓடுவாள். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. தேறிவிட்டால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். பி.டி. டீச்சர் எழுதிக் கொடுத்த துண்டுத் தாளில் கறுப்புப் பெட்டிக்காரன் பெயர் இருந்தது. லூர்தம்மாள் மாதாமாதம் கட்டிவந்த சீட்டை எடுத்து, அந்தப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பியும் விட்டாள். சரோஜா தெருமுனையில் நிறுத்தினாள்.

"இன்னா லூர்து, துட்டு கொழுத்துப் போச்சா? டீச்சருக்கு இன்னா தெரியும், அவங்களா தைக்கிறாங்க? பச்சைய வாங்கு. மிச்சத்துக்குப் புள்ளைக்கு முட்டை வாங்கிக் குடு."

"நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்று போன லூர்தம்மாள், பச்சைப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

தேர்வன்று சரோஜா லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். தான் தைத்த ஷூ ஓடுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. விடியற்காலை பெய்த மழையில் ஓடுதளம் ஈரமாக இருந்தது. ஸ்டெல்லா இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். கடைசி வளைவில் கால் வழுக்கி, முழங்கை தேய விழுந்தாள். எழுந்து ஓடி முடித்தபோது ஏழாவது ஆள்.

"ஷூ வழுக்குதும்மா. வளைவுல புடிக்கவே இல்ல" என்று அழுதாள்.

லூர்தம்மாள் அத்தனை பேர் முன்னாலும் பளாரென்று ஓர் அறை விட்டாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஷூ மேலயா பழி போடற?"

சரோஜாவாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஷூல ஒரு கொறயும் கெடையாது கண்ணு. அது நான் தச்சது" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் டீ நேரத்தில் இந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்து மேஜையில் சுடலை இருந்தான். சோல் ஒட்டும் பகுதியின் சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்.

"எந்தப் பெட்டிக்கா?"

"பச்ச."

"பச்சயப் போட்டுட்டா ஓடுனா?" அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அது நடக்கதுக்கு உள்ளதுல்லா. சோல் சாதா ரப்பரு, அடில உள்ள வரியும் ஆழம் கெடையாது. ஈரத்துல எப்படிப் பிடிக்கும்? கறுப்புக்குப் போடுத சோல் தனி. அது ஒண்ணு விலைக்கே பச்சைல ஒரு ஜோடி வந்துரும்."

"அப்போ அஞ்சாயிரமும் சோலுக்குத்தானா?"

"எங்க! வெளம்பரம், ஆட்டக்காரனுக்குக் குடுக்க துட்டு, ஏசிக் கடை வாடகை, எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. நீங்க சொல்லுதது பாதி நெசம்க்கா."

சரோஜாவின் வேலை ஒரு சுவரோடு முடிந்துவிடும். தைத்த மேல்பாகங்கள் கூடையில் ஏறி, சுவரில் இருக்கும் சந்து வழியாக அடுத்த ஹாலுக்குப் போகும். அந்த ஹாலின் கதவு அவள் கார்டுக்குத் திறக்காது. ஏழு வருடமும் அப்படித்தான். பேக்கிங்கில் நின்ற அன்று எத்தனை ஜோடி கையில் வந்தது? ஒன்றையாவது கவிழ்த்துப் பார்த்தாளா? தன் தையல் நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். தன் வாய்க்கொழுப்புக்கு ஒரு சின்னப் பெண் அறை வாங்கியதை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று மத்தியானம் அவள் தைத்ததில் நான்கு ஜோடியைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் குழாயடியில் குடம் நிறைந்து வழிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். சுடலை வடக்குப்பட்டுக்கு வரப்போவதில்லை. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததும் இன்னும் அசிங்கமாக இருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு லூர்தம்மாள் வீட்டுக்குப் போனாள்.

லூர்தம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா சுவரோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாக்கா, உக்காரு. இவ இன்னும் அந்த ஷூவையே சொல்லிகினு கீறா. நீயே இவளுக்குப் புரியற மாதிரி சொல்லு."

சரோஜா உட்காரவில்லை. "அவ சொன்னது நெஜம் லூர்து. அந்த சோல் ஓடறதுக்கு இல்லியாம். எனுக்கு மேல்பாகம்தான் தெரியும். தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

லூர்தம்மாளின் கை நின்றது. கத்துவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று சரோஜா காத்திருந்தாள். கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். லூர்தம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தினி ஜனம் பாக்க அவள அடிச்சிட்டேனேக்கா" என்றாள்.

ஸ்டெல்லா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நான் நேத்தே சொன்னேன் பெரிம்மா. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."