உறைவதற்கு முந்தைய பள்ளம்

மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். பனிக்கட்டி தாராளமாக வழிவிடும். ஆராய்ச்சிக்காரியின் நான்கு வருடப் பிழைப்பு இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஓடியது. மேசையின் ஒரு முனையில் அலையை அனுப்பும் கருவி, மறுமுனையில் வாங்கும் கருவி, நடுவே குளிர்பெட்டிக்குள் மெல்லிய தட்டில் தண்ணீர். உறைந்ததும், வந்துசேரும் அலையின் அளவைக் காட்டும் கோடு திரையில் சட்டென்று ஏறும். அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் கண்டுபிடித்தது வேறு: உறைவதற்குச் சற்று முன்னால் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். பதினேழு தடவையும் வந்தது. உறையும் முன் தண்ணீர் தயங்குகிறது என்று கட்டுரை எழுதினாள். ஏற்றுக்கொண்டார்கள். அதை நம்பித்தான் நிரந்தர வேலையும் தருவதாக இருந்தார்கள்.

பதினெட்டாவது தடவை பள்ளத்தைக் காணோம்.

அன்று ஆய்வகத்தில் கூடவே இருக்கும் மெக்கானிக் அண்ணன் விடுப்பு, மகளுக்குக் காய்ச்சல். அதை அவள் யோசிக்கவே இல்லை. கருவியைத் துடைத்தாள், ஒயர்களைக் கழற்றி மாட்டினாள், தண்ணீரை மாற்றினாள். கோடு அதுபாட்டுக்கு ஏறியது. இந்த ஒன்றைச் சேர்க்காமல் விட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பும், பொய் சொல்லக்கூடாது, வந்தது.

மறுநாள் அண்ணன் வந்தார்.

"பொண்ணுக்கு எப்படிண்ணே இருக்கு?"

"தேவலைம்மா. நேத்து நம்ம பள்ளம் வந்துச்சா?"

அவள் பெட்டியை ஓடவிட்டாள். வெப்பமானி மைனஸ் ஐந்தைத் தொட்டதும் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழக்கம்போல, உறைவதைக் கண்ணால் பார்க்க ஓடிவந்து, வாங்கும் கருவிக்கு முன்னால் தலையை நீட்டிக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். கோட்டில் பள்ளம் விழுந்தது.

"வந்துடுச்சும்மா!"

எப்போதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், முதல்தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். மனிதனும் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அண்ணே, கொஞ்சம் பின்னால வாங்க."

வந்தார். கோடு நிமிர்ந்தது.

"இப்ப குனிங்க."

விழுந்தது.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. இருபது வருடமாகக் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப உன் கட்டுரை?"

"திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதணும்."

"வேலை போயிடுமேம்மா. நான் வாயத் திறக்க மாட்டேன். வேணும்னா தினமும் வந்து குனிஞ்சிட்டுப் போறேன்."

அவள் கணினி முன் உட்கார்ந்து கடிதத்தை ஆரம்பித்தாள். அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அப்படின்னா என்னாலதான்னு எழுதிடும்மா."

"இல்லண்ணே. நாலு வருஷமா கூடவே இருந்த ஆளை நான் கவனிக்கலன்னுதான் எழுதணும்."