சேர்க்கை நாள் விமானம்

கொட்டகையிலிருந்து விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போதே சௌமியா முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு இது ஓடக்கூடாது.

அவள் வயதைவிட இரண்டு மடங்கு வயதான, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் அது. எங்கோ ஒரு பயிற்சிக் கழகம் கழித்துப் போட்டதைக் கல்லூரி லாரியில் ஏற்றி வந்து, இறக்கைத் துணிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தது. பறக்காது. என்ஜின் மட்டும் ஓடும். பிளஸ் டூ முடிவு வந்ததும், பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் முன்னால் ஓட்டிக் காட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சேர்ந்தவள்தான் சௌமியாவும். விமானப் பொறியியல் படித்து முடித்து, வேறெங்கும் வேலை கிடைக்காமல், அதே கல்லூரியில் லேப் உதவியாளராக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கூடப் படித்தவர்களில் ஒருவன் சென்னையில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறான். ஒருத்தி காஞ்சிபுரத்துப் புடவைக் கடையில் மடிப்புப் பிரித்துக் காட்டுகிறாள். விமானத்தைத் தொட்டு வேலை செய்கிறவள் சௌமியா ஒருத்திதான், அதுவும் இந்த விமானத்தை.

இன்று அம்மையார்குப்பத்திலிருந்து சிங்காரம் சித்தப்பா, மகள் புவனாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டிலிருக்கும் இரண்டு பவர்லூம் தறிகளில் ஒன்றை ஃபீஸுக்காக விற்க ஆள் பார்த்துவைத்துவிட்டார். புவனா சேர்ந்தால் அந்தத் தறி கைமாறிவிடும். சௌமியா போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நர்சிங் சேத்து வுடு சித்தப்பா. இங்க வேணாம்."

"அது பிளேன் பிளேன்னு அழுதுகினு கீதும்மா. நீ படிச்சவ, நீ சொல்றது எனக்கு வெளங்கல. நான் தறி வாங்கச்சொல்லோ என்னா பண்ணேன்? ஓட்டிக் காட்டுடான்னேன். ஓடிச்சி, வாங்கினேன். அதே மாதிரி இதையும் பாக்கறேன். ஓடுச்சின்னா காலேஜு நல்ல காலேஜு."

அவரை அசைக்க முடியாது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளால் நிறுத்த முடிந்தது என்ஜினை மட்டும்தான்.

பந்தலுக்கு எதிரே விமானம் வந்து நின்றது. கல்லூரி சேர்மன் விஜயராகவன், மலைக் கோயிலிலிருந்து கொண்டுவந்த விபூதியை அதன் மூக்கில் பட்டையாகப் பூசினார். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரத்தட்டைக் கையில் எடுத்ததும் மெக்கானிக் தேசப்பன் ஓடிவந்து நடுவில் நின்றார்.

"சார், அது மட்டும் வேணாங்க. பெட்ரோல் ஒழுவுது."

"சாமிக்குக் காட்டறதுய்யா."

"சாமிக்கு மலை மேலயே காட்டிட்டு வந்துட்டீங்க இல்ல."

பந்தலில் சிரித்தார்கள். முதல் வரிசையில் புவனா சிரிக்கவில்லை. அவள் கண் விமானத்தை விட்டு அகலவேயில்லை.

சௌமியா ஏறி உட்கார்ந்தாள். இந்த என்ஜினுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஒருவர் உள்ளே சுவிட்சைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் முன்னால் நின்று மர விசிறியைக் கையால் இழுத்துச் சுழற்ற வேண்டும். சுவிட்ச் போட்டிருக்கும் நேரத்தில் விசிறியைச் சற்றே நகர்த்தினாலும் அது உதைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கை போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டுச் சொல்லிக்கொள்வார்கள். உள்ளிருப்பவர் 'கான்டாக்ட்' என்றால் சுவிட்ச் போட்டாயிற்று என்று பொருள்.

"சுவிட்ச் ஆஃப்?" என்றார் தேசப்பன்.

"ஆஃப்ண்ணா."

அவர் விசிறியை மெதுவாகச் சுற்றினார். என்ஜின் பெட்ரோலை உறிஞ்சியது. விசிறியை வாகான இடத்தில் நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் வந்து நின்றார்.

"கான்டாக்ட்."

"கான்டாக்ட்" என்றாள் சௌமியா. சுவிட்சைப் போடவில்லை.

அவர் கால் வீசி இழுத்தார். விசிறி அரைச் சுற்று போய் நின்றது. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள், மறுபடி இழுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போடாத சுவிட்சைப் போட்டதாகச் சொல்வதால் அவர் கைக்கு ஒன்றும் ஆகாது என்று சௌமியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் தோள்பட்டையைப் பார்க்காமலிருக்க மலைக் கோபுரத்தைப் பார்த்தாள்.

பந்தலில் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். சித்தப்பாவும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். சௌமியாவுக்கு நெஞ்சு லேசானது.

"உக்காருங்க, உக்காருங்க. வயசான மெஷினு, கொஞ்சம் கெஞ்ச வைக்கும்" என்ற சேர்மன், கூட்டம் கலையாமலிருக்க முதல் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். "நீ வாம்மா. நீ ஏறி உக்காரு. உன் கைராசியப் பாப்போம்."

புவனா ஓடிவந்து ஏறினாள். சௌமியாவின் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, முன்னாலிருந்த மீட்டர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். சேர்மன் கதவோரம் வந்து நின்றுகொண்டார்.

"சுவிட்ச் ஆஃப்?" தேசப்பன் கேட்டார்.

"ஆஃப்."

அவர் இரண்டு கையாலும் விசிறியைப் பிடித்து மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தார்.

"அக்கா, இது ஆஃப்ல கீதே" என்றபடி புவனா கையை நீட்டினாள்.

சௌமியா அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். புவனா வலியில் முனகினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேசப்பன் ஒன்றும் தெரியாமல் விசிறியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு கை போயிருக்கும்டி."

"நீ கான்டாக்ட்னு சொல்லச்சொல்லோகூட உன் கையி சுவிட்சுகிட்ட போவவேயில்ல. அங்கேந்து நல்லா தெரிஞ்சிது. மறந்துட்டியாக்கா?"

உதவி செய்கிற குரலில்தான் கேட்டாள். சேர்மன் தலையை உள்ளே விட்டார்.

"சுவிட்சே போடலியாம்மா நீ?"

சௌமியா தேசப்பனைப் பார்த்தாள். அவர் கையை எடுத்துவிட்டுப் பின்னால் வந்திருந்தார்.

"கான்டாக்ட்" என்றார்.

"கான்டாக்ட்" என்று சொல்லி, இந்தத் தடவை போட்டாள்.

ஒரே இழுப்பு. இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. பந்தல் துணி படபடவென்று அடித்தது. மீதி எலுமிச்சம்பழம் இருந்த பூசைத் தட்டு பறந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். புவனா தன்னையறியாமல் சௌமியாவின் தொடையைப் பிடித்திருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். கீழே சித்தப்பா மட்டும் கைதட்டவில்லை. தறிச் சத்தத்தைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிசிறு இல்லை. துண்டை மடித்து வைத்துக்கொண்டு சேர்க்கை அறைப் பக்கம் நடந்தார்.

என்ஜினை நிறுத்தியதும் தேசப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தோளு வுட்டுப்போச்சி. சுவிட்சப் போட மறந்துட்டியாம்மா?"

"மறந்துட்டேண்ணா."

"நீ மறக்கற ஆளு இல்லியே" என்றபடி கொட்டகைக்குப் போய்விட்டார்.

புவனா இறங்கி, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"வேணும்னேதான போடல?"

"ஆங்."

"ஏன்க்கா?"

"இது ஓடும், பறக்காதுடி. இங்க இருந்து ஒருத்தரும் பறக்கல. நான் என்னாத்த பண்ணிகினு கீறேன் பாரு. உங்க நைனா தறிய வித்துட்டு…"

"நீ தெனமும் இதுல ஏறி உக்காருவ. நான் தறிகிட்ட நின்னுகினு அறுந்த நூல முடிச்சு போட்டுகினு இருக்கணும். அதான?"

"அப்டி இல்லடி."

"உனக்கு நான் வர்றது புடிக்கல. நைனாகிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாத." அவள் தாவணியைச் சரிசெய்துகொண்டு அப்பாவின் பின்னால் ஓடினாள்.

அடுத்த பஸ் வந்து கூட்டத்தை இறக்கியது. சேர்மன் தூரத்திலிருந்து இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார். சேர்க்கை அறை கிளார்க் பிரபாவதி மூச்சு வாங்க வந்தாள்.

"மேடம், ஸ்டாஃப் எல்லாம் ஒரு அட்மிஷனாவது கொண்டாந்தாதான் இந்த மாச சம்பளம்னு சேர்மன் சொல்லிட்டாரு இல்ல. உங்க பேர்ல ஒண்ணுமே இல்லியேன்னு எனக்கே கஷ்டமா இருந்துச்சி. இப்ப சேந்துச்சே ஒரு பொண்ணு, உங்க சொந்தமாமே. உங்க கணக்குல போட்டுட்டேன்."

வேண்டாம் என்று சொல்லச் சௌமியா வாயெடுத்தாள். பிரபாவதி சிரித்த முகமாக நின்றிருந்தாள்.

"தேங்க்ஸ்க்கா" என்றாள் சௌமியா.