பாப்பம்மா சொன்ன காடு

ஜவளகிரிக்கு அப்பால் இருந்த அந்தச் சரிவில் வனத்துறை அதிகாரி காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தார். மரங்களை நாடா பிடித்து அளந்தார். விழுந்து மக்கிய கட்டைகளைக் காலால் புரட்டினார். கோடாலி பட்ட தழும்பு உண்டா என்று அடிமரங்களைத் தடவினார். தானாக வளர்ந்த வனம் என்று அவர் எழுதினால், சரிவு பக்கத்துக் காப்புக்காட்டோடு சேர்ந்துவிடும். உழுது கைவிட்ட நிலம் என்று எழுதினால், ராஜப்பனுக்குக் கருங்கல் குவாரி கிடைக்கும்.

அதற்காகத்தான் ராஜப்பன் பாப்பம்மாவையும் மகள் முனிலட்சுமியையும் தன் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தான். அங்கே ராகி விதைத்தவர்கள் அவர்கள். முனிலட்சுமி சிறுமியாக இருந்தபோது இதே ராஜப்பன் தாலுகா ஆபீசில் நின்று, "அங்க எவனும் ஏர் பூட்டினதே இல்ல, வெறும் அடவி" என்று சத்தியம் செய்து அவர்களைத் துரத்தினான். கதிர் முற்றும் நேரத்தில் அவன் மாடுகள் பயிரில் இறங்கின. அப்பா கங்கப்பன் பெங்களூர் செங்கல் சூளைக்குப் போனார். அங்கிருந்து அவருடைய துணிமூட்டை மட்டும்தான் திரும்பி வந்தது.

"உள்ளதைச் சொல்லு பாப்பம்மா, போதும். நீங்க பயிர் வெச்சதை நான் மறைப்பனா?" என்றான் ராஜப்பன்.

"இப்ப மறைக்க மாட்டீங்க சாமி," என்றாள் முனிலட்சுமி.

"பாருடா, ஓசூர் கம்பெனிக்குப் போனதும் வாய் நீண்டுடுச்சு!"

அங்கே யாரும் உழுததே இல்லை என்று பொய் சொல்லத்தான் முனிலட்சுமி வந்திருந்தாள். அம்மாவையும் அப்படிச் சொல்லச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அது தங்கள் நிலம் என்று ஒருமுறையாவது சர்க்கார் எழுதிக்கொள்ளும் என்று அம்மா நல்ல புடவை கட்டி வந்திருந்தாள்.

அதிகாரி வந்தார். "மரமெல்லாம் தானா முளைச்சதுதான். ஆனா ஒரு சந்தேகம். அம்மா, உங்களுக்கு நினைவு தெரிஞ்சு இங்க என்ன இருந்துச்சு?"

பாப்பம்மா நிமிர்ந்தாள். "காடுங்க சார். எங்க மாமனார் காலத்துலேர்ந்து காடு. அப்படி ஒரு காடு இந்தப் பக்கத்துலயே கெடையாது."

ராஜப்பன் திருப்தியாகத் தலையாட்டினான். அதிகாரியும் திருப்தியாக எழுதினார்.

முனிலட்சுமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம்; மரம் அடர்ந்தது அடவி. அதிகாரியோ தஞ்சாவூர்க்காரர்; அவருக்குக் காடு என்றால் வனம்தான். 'ஞாயித்துக்கிழமை கூலிக்குக் காட்டுல களை எடுத்தேன்' என்று அவள் ஒருமுறை சொன்னதற்குக் கம்பெனியில் கும்பகோணத்துப் பெண் ஒருத்தி, 'ஐயோ, புலி வராதா?' என்று கேட்டிருந்தாள். இதைத் திருத்தாமல் நிற்பதும் பொய்யில் சேருமா? சேர்ந்தால் சேரட்டும்.

"அப்ப இந்தக் கல் வரிசை? வரப்பு மாதிரி இருக்கே?" என்றார் அதிகாரி.

"அது எங்க வீட்டுக்காரரு..." என்று தொடங்கிய அம்மாவின் மணிக்கட்டை முனிலட்சுமி இறுக்கிப் பிடித்தாள்.

"வெள்ளம் ஒதுக்கின கல்லு சார். இங்க எவனும் ஏர் பூட்டினதே இல்ல."

"ஏய்!" ராஜப்பன் பாய்ந்தான். "உங்கம்மா இப்பத்தானே காடுன்னு சொன்னா!"

"ஆமா, காடுன்னுதான் சொன்னாங்க," என்றார் அதிகாரி. "நானும் அதைத்தான் எழுதியிருக்கேன்."

"சார், காடுன்னா உழுவுற நெலம் சார்!"

"அப்ப தாலுகா ஆபீசுல நீங்க பண்ண சத்தியம் பொய்யா சாமி?" முனிலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "எவனும் ஏர் பூட்டலன்னு சொன்னீங்களே. அங்கயே எழுதி வெச்சிருக்காங்க சார், கேட்டுப் பாருங்க."

அதிகாரி ராஜப்பனைப் பார்த்தார்.

"ஒரே ஆள் ரெண்டு விதமா சொன்னா, மரம் சொல்றதைத்தான் நான் எடுத்துக்கணும்," என்று அதிகாரி பென்சிலைப் பையில் சொருகினார்.

ராஜப்பனின் ஜீப் அவர்களை விட்டுவிட்டுப் போனது. தாயும் மகளும் நடந்தார்கள்.

"அந்தக் கல்லு ஒண்ணொண்ணும் உங்கப்பன் சொமந்தது," என்றாள் பாப்பம்மா.

"தெரியும்."

"தெரிஞ்சும் சொன்னியே. நமக்கும் இல்லாமப் போச்சே."

"நமக்கு எப்பவோ போச்சும்மா. அவனுக்கு இன்னிக்குத்தான் போச்சு."

பாப்பம்மா சட்டென்று நின்றாள்.

"வெயில் கண்ணுல அடிச்சுது. அவன் மூஞ்சிய நான் சரியாப் பாக்கல," என்றாள். "எப்படி இருந்துச்சு, சொல்லு."