அண்ணிக்குக் காய்ச்சல்

"அண்ணி, இன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல்."

கொழுந்தன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னான். கையில் பிரஷ், வாயோரம் பற்பசை நுரை. இன்றைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

பெரியவள் குளித்துத் தலைவாரி, சட்டமன்றத்துக்குக் கிளம்பி நின்றாள். சீப்பு பாதித் தலையில் நின்றது.

"நல்லாத்தானே தம்பி இருக்கேன்?"

"இருப்பீங்க. டிவிக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. போய்ப் படுங்க."

"அந்த ஆஸ்பத்திரிக் கேள்வி இன்னைக்குத்தான வருது?"

"அதனாலதான் காய்ச்சல்." நுரையைத் துப்பப் போனவன் திரும்பிப் பார்த்தான். "கார் சாவி என்கிட்ட இருக்கு. சும்மா அலட்டிக்காதீங்க."

எம்.எல்.ஏ.வாக இருந்த கணவன் மாரடைப்பில் போனதும், அவர் தொகுதியில் அவளை நிறுத்தினார்கள். போஸ்டரில் அவள் படம் தபால்தலை அளவு, செத்தவர் படம் ஆள் உயரம். ஜெயித்தாள். ஜெயித்த அன்று சாயங்காலம் மாலையெல்லாம் கொழுந்தன் கழுத்தில்தான் விழுந்தது. புருஷன் இல்லாதவள் நாலு ஆம்பளைகள் மத்தியில் என்னத்தைப் பேசிவிடப் போகிறாள் என்று வீட்டில் எல்லாருமே நினைத்தார்கள். அவளும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தாள்.

கையெழுத்து மட்டும் அவளுடையது. அமைச்சர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கொழுந்தன் அவள் பெயரில் எழுதி அனுப்புவான். பாலத்துக்கு ஏன் இவ்வளவு செலவு, பள்ளிக்கூடக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று நல்ல கேள்விகளாகத்தான் இருக்கும். கேள்வி அவைக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும், அதில் மாட்டக்கூடிய எவனோ ஒருவன் கொழுந்தனைத் தேடி வீட்டுக் கூடத்துக்கு ஓடி வருவான். பேரம் படிந்துவிட்டால் அவளுக்குக் காய்ச்சல். ஏனென்றால் அவையில் ஒரு விதி உண்டு. பெயரைக் கூப்பிடும்போது உறுப்பினர் இருக்கையில் இருந்து, எழுந்து கேட்டாக வேண்டும். ஆள் இல்லையென்றால் கேள்வி செத்தது.

பாலத்துக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடக் கூரைக்கு ஒன்று. "நம்ம அம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப வீக்கு" என்று கட்சிக்காரர்கள் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். தொகுதியிலிருந்து யாரோ ஒரு பெண் கம்பளி நூலில் போர்வை பின்னி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு பொய்க் காய்ச்சலுக்கும் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் அவள் படுப்பாள். அது உடம்பை உறுத்தும்.

இன்றைக்குச் செத்துப்போக வேண்டிய கேள்வி, தொகுதி அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் மெஷின்களைப் பற்றியது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின். அதற்கு ரிப்பன் வெட்டியவளே அவள்தான். மெஷினை வாங்கிப் பொருத்திய காண்ட்ராக்டர் நேற்றுச் சாயங்காலம் கூடத்துக்கு வந்துபோனார். சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்டது.

சின்னவள் உள்ளே வந்தாள். கொழுந்தன் மனைவி. கிண்ணத்தில் தண்ணீர், ஈரத்துணி, தெர்மாமீட்டர். காய்ச்சல் நாடகத்தில் அவளுக்கும் வேஷம் உண்டு. நிருபர்கள் வந்தால் வாசலில் நின்று, "நூத்திரண்டு இருக்குங்க" என்று தலையாட்ட வேண்டும்.

"படுங்கக்கா."

பெரியவள் படுத்தாள். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவள் நெற்றியில் துணியை வைத்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

சின்னவள் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள். "எங்கம்மா இன்னைக்கும் பஸ் ஏறிருச்சுக்கா. டயாலிசிஸ்க்கு, வெளியூருக்கு. போகையில ஒக்காந்துரும், வரையில நிக்கமுடியாது, கீழயே ஒக்காந்து வரும். பஸ்ல ஒருத்தி குடிச்சிருக்கியான்னு கேட்டாளாம்."

"அம்மா வீட்டுப் பக்கத்துலயே நம்ம ஆஸ்பத்திரி இருக்கேடி. மெஷின் இருக்கே."

"இருக்கு. நீங்க ரிப்பன் வெட்டுனீங்கல்ல, அன்னைக்குச் சுத்தியிருந்த பிளாஸ்டிக் கவர் இன்னும் பிரிக்கல. தண்ணி லைனே குடுக்கல அதுக்கு. அம்மா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுச்சு."

பெரியவள் எழுந்து உட்கார்ந்தாள். ஈரத்துணி மடியில் விழுந்தது. "ஒம் புருசன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கேள்விய எழுதுனாரு. எங்கம்மாவுக்காக எழுதுறாரேன்னு அன்னைக்குச் சந்தோசத்துல ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்கா." மூக்கை உறிஞ்சினாள். "நேத்து அந்தாளுக்கு நானே காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன்."

கீழே கூடத்தில் யாரோ செருப்பை உதறும் சத்தம்.

"எந்திரிங்க," என்றாள் சின்னவள் திடீரென்று. "நான் படுத்துக்கிறேன்."

"பைத்தியமா ஒனக்கு? எட்டிப் பாத்தான்னா?"

"அவரு என்னைக்குக்கா உள்ள வந்து பாத்திருக்காரு? நெலையிலயே நின்னு பாப்பாரு. போர்வைக்குள்ள ஒரு பொம்பள கெடந்தாப் போதும், யாருன்னு அவருக்கென்ன." கட்டிலில் ஏறிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து குரல் வந்தது. "கொறட்டை விடட்டுமா?"

"காய்ச்சக்காரி எங்கயாச்சும் கொறட்டை விடுவாளா? மொனகு."

அடுப்படி வழியாகப் பின்வாசல். தெருமுனையில் ஆட்டோ. சட்டமன்ற வாசலில் காவலர் அவளைப் பார்த்து முழித்தார். "அம்மா, ஒங்களுக்குக் காய்ச்சல்னு இப்பத்தான் டிவியில..."

"விட்டுருச்சு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அவள் பெயரை அவைத்தலைவர் கூப்பிட்டுவிட்டு, காலி இருக்கையைப் பார்க்காமலே அடுத்த பெயருக்குப் போக இருந்தார். "இருக்கேன்!" என்று நடைபாதையிலிருந்து கத்தினாள். மூச்சு வாங்க இருக்கையில் போய் நின்று கேள்வியைக் கேட்டாள்.

சுகாதார அமைச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிலைப் படித்தார். மெஷின்கள் வாங்கப்பட்டன. முழுத்தொகையும் வழங்கப்பட்டது. மெஷின்கள் நல்ல முறையில் இயங்கிவருகின்றன.

அவள் உட்காரவில்லை. இனி எழுதிக் கொடுத்தது எதுவும் இல்லை.

"ஓடுதுன்னா, மேல சுத்தின பிளாஸ்டிக்க எப்பங்க பிரிச்சீங்க? நான்தான் ரிப்பன் வெட்டுனேன். தண்ணி லைனே இல்லாம ரத்தத்த எதுல கழுவுறாங்க?"

அமைச்சர் அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சிரித்தார்.

"உறுப்பினருக்குக் காய்ச்சல்னு காலையிலேயே அவங்க வீட்ல சொன்னாங்க. காய்ச்சல் வேகத்துல எந்திரிச்சு வந்துட்டாங்க. அவங்க ஓய்வெடுக்கணும், அதுதான் நம்ம எல்லார் விருப்பமும்."

அவள் பக்கத்து வரிசை, எதிர் வரிசை, எல்லாம் சிரித்தது. அடுத்த கேள்வி என்றார் அவைத்தலைவர்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் அழவில்லை. வீட்டு வாசலில் கேமராக்களின் நடுவே கொழுந்தன் நின்றான். அவளைக் கண்டதும் முகத்தில் வந்ததை நொடியில் மாற்றிக்கொண்டு, பாசமாகக் கை நீட்டினான்.

"வாங்கண்ணி. பாருங்க சார், அண்ணன் போனதுலேருந்தே இவங்களுக்கு மனசு சரியில்ல. காய்ச்சல் வேற. என்ன பேசுறோம்னே தெரியாமப் பேசிட்டாங்க."

"காய்ச்சல வீட்ல வேற யாராச்சும் பாத்தாங்களா?" என்றாள் ஒரு பெண் நிருபர்.

"ஏன், என் சம்சாரமே காலையில தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா. ஏய், இங்க வா. சொல்லு."

சின்னவள் வந்தாள். கன்னம் விரல்கள் பதிந்து சிவந்திருந்தது. போர்வைக்குள் இருந்தது யார் என்பது வீட்டுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. மைக்குகள் அவள் பக்கம் திரும்பின. வழக்கமாக அவள் தலையாட்டுகிற இடம் அது.

"அக்காவுக்குக் காய்ச்சல் இல்லங்க," என்றாள். "ஒரு நாளும் இருந்ததில்ல. நாந்தான் பொய் சொல்லிட்டு இருந்தேன். எங்கம்மா இப்ப பஸ்ல கீழ ஒக்காந்து வந்துட்டிருக்கு. மெஷின் ஓடுதுன்னா அது ஏங்க அவ்ளோ தூரம் போகணும்?"

கொழுந்தன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் தோளை அழுத்திப் பிடித்தான்.

"இவளுக்கும் ஒட்டிக்கிச்சு போல. வீட்ல எல்லாப் பொம்பளைகளுக்கும் காய்ச்சல் சார்."

பெரியவள் படியேறி வந்தாள். கேமராக்கள் பார்க்க, சின்னவளின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. மைக் பிடித்திருந்த பெண் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் தொட்டுப் பாருங்கம்மா. எங்க ரெண்டு பேரையும்."